நடு வாசலில் சூரியன்

என் அனுமதி இல்லாமல் சூரியன் எங்கள் ஊருக்குள் நுழையாது. நாற்பது ஆண்டுக்கு முன் ரோமப் படைவீரர்களுக்கு ஊர் அமைத்த அன்று, உதயத்துக்கு நேராக நூல் பிடித்துப் பெருந்தெருவை இழுத்தவன் நான்தான். இன்று ஆண்டின் அதே நாள். சதுக்கத்தின் கல்லிருக்கையில் கிழக்கு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். சூரியன் வாசலுக்கு நடுவில் உதிக்காவிட்டால் இந்த இருக்கை இனி ரொட்டிக்காரி ஓப்பியாவுக்கு என்று பந்தயம். கூடையோடு தயாராக நிற்கிறாள்.

"எந்திரி பெருசு, உன் சூரியன் மதிலேறிக் குதிச்சு ஓடிடுச்சு!"

நீரூற்றுகூட மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. வாசல் வளைவுக்குள் செக்கச்சிவந்த பொட்டு ஒன்று முளைக்கிறது. வெளிச்சம் தெரு நெடுக உருண்டு வந்து, இருபுறத் தூண்களையும் தட்டி எழுப்பி, அவள் ரொட்டிகளைப் பொன்னாக்குகிறது. ஓப்பியா கண்ணைக் கசக்குகிறாள்.

"வந்து தொலைச்சிடுச்சு. நட்ட நடுவுலதான். இந்தா, ரொட்டி தின்னு."