இதயத்துக்கு அந்த ஊர்ச் சொல்

மகனுக்கு மூளை செத்துவிட்டது. இதயத்தை இன்னொருவருக்கு வைக்க, வேல்ஸ் நாட்டு ஆஸ்பத்திரியில் இருளப்பனிடம் சம்மதம் கேட்டார்கள். அந்த ஊர்ப் பாஷைத் தாளை நாகர்கோவில் நர்ஸ் ஸ்டெல்லா வாசித்துச் சொன்னாள்.

"இதயத்துக்கு இங்க 'கலோன்'னு பேரு அய்யா. யாரோடதுங்கதப் பொறுத்து முதலெழுத்து மாறும். என்னோடதுன்னா ஒண்ணு, அவரோடதுன்னா வேற."

"அறுத்து எடுத்த பொறவு எம் மவனோடது இல்லேன்னு எழுதிக்கிடுவீயளோ? களவாணிப் பயலுவ!"

தாளைத் தள்ளிவிட்டுக் கட்டிலுக்குப் போனார். மகனின் மார்பில் காதை வைத்தார். எந்திரம் மூச்சை ஊத, உள்ளே அது துடித்துக்கொண்டுதான் இருந்தது. வெகுநேரம் கழித்து எழுந்து வந்து இடது பெருவிரலை நீட்டினார்.

"மை கொண்டா. வாங்குறவுககிட்ட ஒண்ணு சொல்லிரு தாயி. இடி இடிச்சா இது படபடன்னு அடிக்கும். சின்னதுலயே அப்படித்தான். பயந்துர வேண்டாம்னு சொல்லு."