படத்தை விட்டு நகராதவர்

இஸ்மாயில் பாய் அந்தப் படத்தை விட்டு நகர்வதாக இல்லை.

தேக்கா பக்கத்து மண்டபம் ஒன்றில் புகைப்பட மன்றத்தின் கண்காட்சி. கடலுக்கு மேலே வானத்தைக் கிழித்தபடி ஒரு வெள்ளைக் கோடு. ஸ்ரீநாத்தின் எரிகல் படத்துக்குத்தான் கூட்டம். ஆனால் யார் போனை நீட்டினாலும், படத்தின் கீழ்மூலையில் பாயின் தோள்தான் விழுந்தது.

ஸ்ரீநாத்துக்கு மானம் போயிற்று. அவன் கூப்பிட்டானென்று ஆபீஸே திரண்டு வந்திருக்கிறது. மேனேஜர் மோகனப்பிரியாகூட வந்துவிட்டார்.

"யாரு இவரு? உங்க ஃபிரெண்டா?"

"ஆமா மேடம். எரிகல் மழை பார்க்க மெர்சிங் கடற்கரைக்கு ஒரே கார்லதான் போனோம். ரெண்டு பேர்கிட்டயும் ஒரே மாதிரி பிலிம் கேமரா. நான் நூறு ஸ்பீடு பிலிம் போட்டேன். எவ்வளவு பெருசாக்கினாலும் பட்டு மாதிரி இருக்கும். இவரு போட்டது நானூறு. 'எரிகல் கண் சிமிட்டுறதுக்குள்ள போயிடும் தம்பி, வேகமான பிலிம்தான் அதைப் பிடிக்கும்'னு மல்லுக்கு நின்னாரு."

"அப்புறம்?"

"ரெண்டு ரோலையும் இவரேதான் கழுவக் கொடுத்தாரு. என் ரோல்ல இது. இவரு ரோல்ல ஒண்ணுமே விழலையாம்!"

மோகனப்பிரியா சிரித்தார். அது பாயின் காதிலும் விழுந்திருக்கும். அவர் அசையவில்லை.

வயிற்றெரிச்சல், வேறென்ன! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த மனுஷர் கூடத்தையே அடைத்துக்கொண்டு நிற்கிறார்.

"இது பிலிம்தான்னு எப்படி நம்புறது? கம்ப்யூட்டர்ல ஒட்ட வச்சிருந்தா?" என்றார் மோகனப்பிரியா விளையாட்டாக.

"அதுக்குத்தான் மேடம், பிலிமோட கறுப்பு ஓரத்தையும் சேர்த்தே பிரிண்ட் போடச் சொன்னேன். கம்பெனி பேரு, ஸ்பீடு எல்லாம் அதுலயே இருக்கும். கிட்ட வந்து பாருங்க."

அவர் வருவதற்குள் ஸ்ரீநாத் முந்திப்போய்ப் பாயின் கையைப் பிடித்து இழுத்தான். "நகருங்க பாய்! வெட்கமா இல்ல? இது என் படம்!"

"வேணாம் தம்பி..."

பாய் தடுமாறி விலகினார். அவர் தோள் இருந்த இடத்தில், கறுப்பு ஓரத்தில், பொடி எழுத்தில் இருந்தது: 400.

ஸ்ரீநாத் குனிந்து மறுபடியும் படித்தான்.

"உன் ரோல்லதான் ஒண்ணும் விழலை," பாய் அவன் காதோடு சொன்னார். "ஆபீஸ் பூரா கூப்பிட்டுட்டேன்னு குதிச்சுக்கிட்டு இருந்தே. சொல்ல மனசு வரல. என் ரோலை உன்னோடதுன்னு சொல்லிட்டேன். நீ ஓரத்தோட பிரிண்ட் போடுவேன்னு எனக்கென்ன தெரியும்லா? காலையில மாட்டும்போதுதான் பார்த்தேன்."

இது என் படம் இல்லை என்று சொல்லத்தான் ஸ்ரீநாத் வாயைத் திறந்தான். பின்னால் மோகனப்பிரியாவின் செருப்புச் சத்தம் நெருங்கியது.

"பாய்," என்றான், தரையைப் பார்த்தபடி. "கொஞ்ச நேரம்... இங்கேயே நில்லுங்க."