எடை போடும் வேலை

எடை போடும் வேலைக்கான இன்டர்வியூவுக்கு வந்த மானாம்பதி மார்த்தாள், அரிசி ஆலை ஆபீசில் நாற்காலி நிறைய உட்கார்ந்திருக்கிறாள். சன்னல் வெயிலில் தவிட்டுத்தூசி மிதக்கிறது. இயந்திர அதிர்வில் மேசைமேல் டீ கிளாஸ் நடுங்குகிறது. "எந்தத் தெரு பொண்ணு நீ?" என்கிறார் முதலாளி முத்துவேல். "எடை போடறதுக்குத் தெரு எதுக்குங்க?" என்று மறித்த மேனேஜர் தாமோதரன் அவளிடம் திரும்பிக் கேட்கிறார்: "மொதலாளியே எடையக் கொறைச்சிப் போடச் சொன்னா இன்னாம்மா பண்ணுவே?" வேலை கைநழுவிப் போகலாம் என்று அவளுக்குத் தெரிகிறது. ஆனாலும் முதலாளியையே நேராகப் பார்க்கிறாள். "போட மாட்டேன் சார். அளவு கொறைஞ்ச கூலி நெல்ல வாங்கின வூட்ல பொறந்தவ நான்." முத்துவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொல்கிறார்: "திங்கக்கெழம வேலைக்கு வந்துடும்மா." மார்த்தாள் எழுந்து நிற்கிறாள், பள்ளி இறுதித் தேர்வில் தேறிய நாளில்கூட அவள் தலை இவ்வளவு நிமிர்ந்ததில்லை.