பேப்பர் ஒட்டிய கதவு

இந்தக் கிழமைதான் காரில் மாட்டிய டிரைவர் பக்கக் கதவை மட்டும் நிலானி பழைய பேப்பர் ஒட்டி மறைத்து வைத்திருந்தாள். கராஜுக்குள் கால் வைத்ததுமே செல்வரத்தினத்தின் கண் அங்கேதான் போனது. எங்கேயோ பிழை விட்டிருக்கிறாள், அதுதான் மூடி வைத்திருக்கிறாள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

“என்ன அதுக்குள்ளை?”

“ஒண்டுமில்லை மாமா. அந்தக் கதவிலை மட்டும் கை வையாதேங்கோ.”

மாசி என்ற புறநகரில் இருக்கும் அந்த வீட்டுக்கு அவர் சனிக்கிழமை தவறாமல் வருவது மருமகளைப் பார்க்க அல்ல, காரைப் பார்க்க. 1971ஆம் ஆண்டு வேலியன்ட் சார்ஜர். அவருடைய ஒரே மகன் பிருந்தன் துருப்பிடித்த வெறும் கூடாக வாங்கி, வெட்டி ஒட்டி, பாதியில் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தான்.

நெஞ்சு நோகிறது என்றவனுக்குப் பனடோல் மாத்திரை கொடுத்துப் படுக்கச் சொன்னவள் இவள். விடிந்தபோது அவன் எழும்பவில்லை. செத்தவீட்டில் அத்தனை சனத்துக்கும் முன்னால் செல்வரத்தினம் சொன்னார்: “இனி என்ர பிள்ளையின்ர பேர் உன்ர வாயிலை வரப்படாது.” பதினான்கு மாதமாகிறது. அவர் முன்னால் அவள் அந்தப் பேரைச் சொன்னதே இல்லை.

காரின் பதிவு அவர் பெயரில் இருந்தது. கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் நிலானி, “நான் முடிக்கிறன், காரை மட்டும் விடுங்கோ” என்று ஒற்றைக் காலில் நின்றாள். வீடியோ பார்த்தே துரு தேய்க்கவும் பெயிண்ட் அடிக்கவும் படித்தாள்.

விரி என்ற ஊரில் இருபத்திரண்டு வருடம் வாகனங்களுக்குப் பெயிண்ட் அடித்த மனிதருக்கு அது பொறுக்குமா? ஒரு பிழை கண்டாலும் ட்ரக்கைக் கொண்டுவந்து காரை ஏற்றிவிடுவேன் என்று சொல்லி வைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு சனியும் அந்த ஒரு பிழையைத் தேடித்தான் வருகிறார்.

இன்றைக்கும் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார். செம்மஞ்சள் நிற பொனட்டில் பெயிண்ட் எங்கும் வழியவில்லை, ஒரு தூசு ஒட்டவில்லை. நல்ல வேலை என்று மனம் சொல்லச் சொல்ல எரிச்சல்தான் கூடியது.

“இந்த மூலையிலை தடிப்பாக் கிடக்கு.”

“போன கிழமை நீங்களே சரியெண்டு சொன்ன இடம் மாமா.”

“வாய்க்கு வாய் கதையாதை. கிளவுஸ் ஒண்டு தா.”

பெட்டியை நீட்டினாள். ஒன்றை எடுத்து மாட்டப் பார்த்தார். விரல் மூட்டுக்கு மேல் ஏறவில்லை, இழுத்த இழுப்பில் கிழிந்தது.

“சின்னப்பிள்ளையளுக்கு வாங்கினதோ இது?”

“என்ர அளவு. இங்கை வேலை செய்யிறது நான் ஒராள்தானே.”

மாமனாரும் மருமகளும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை என்றாலும் தேத்தண்ணி மட்டும் ஒருநாளும் தவறியதில்லை. “கதவிலை கை வையாதேங்கோ” என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டு நிலானி உள்ளே போனாள்.

கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்டதும் அவர் பேப்பரைக் கிழித்தார்.

காருக்கெல்லாம் நிறம் ஏறியிருக்க, இந்தக் கதவில் நிறத்துக்கு முன் அடிக்கும் சாம்பல் பிரைமர் மட்டும். அதன் நடுவே ஐந்து விரலும் விரிந்தபடி ஒரு கை. பிரைமர் காயுமுன் ஊன்றி எடுத்த அச்சு. இத்தனை நாளும் இந்தக் கதவைக் கழற்றி வீட்டுக்குள் வைத்திருந்த காரணம் அதுதானா?

செல்வரத்தினத்துக்குச் சிரிப்பு வந்தது. வசமாக மாட்டிக்கொண்டாள்.

ட்ரக்காரனுக்கு அடிக்கப் போனை எடுத்தார். ஆனால் அந்த அலங்கோலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை. எவ்வளவு ஆழம் என்று பார்க்க உள்ளங்கையை அச்சின் மேல் வைத்தார். விரலுக்கு விரல் சரியாக இருந்தது. ஆழம் அதிகமில்லை, தேய்த்தால் போய்விடும்.

சாண்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கத் தொடங்கினார். முதலில் சுண்டுவிரல் போனது. பிறகு ஒவ்வொன்றாக மற்ற விரல்கள், கடைசியில் உள்ளங்கை. சாம்பல் தண்ணீர் வழிந்து நிலத்தில் சொட்டியது.

நிலானி கோப்பையோடு வந்து வாசலில் அப்படியே நின்றாள்.

“மூடி வைச்சா எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ? காயமுன்னம் ஆரும் கையை வைப்பினமோ? திங்கக்கிழமை ட்ரக் வரும்.”

அவள் கோப்பையை நிலத்தில் வைத்தாள். கிட்ட வந்து, ஈரம் காயாத அந்த இடத்தைக் கையால் தடவினாள். வழுவழுவென்று இருந்தது. நல்ல தொழில்காரனின் வேலை.

“கொண்டு போங்கோ,” என்றாள். “எனக்கு இனி இந்தக் கார் வேண்டாம்.”

பதினான்கு மாதம் மல்லுக்கு நின்றவள் இவ்வளவு லேசில் விட்டது அவருக்கே ஏமாற்றமாக இருந்தது.

“ஏன், உன்ர கை அடையாளத்தை அழிச்சுப்போட்டன் எண்டோ?”

“என்ர கை இல்லை மாமா. பிருந்தன்ர.”