வீர்லேயின் சட்டம்

"உங்க ஊர்ல குழந்தை பிறக்கறதுக்கு முன்னாடியே, அது என்ன சேட்டை பண்ணும்னு யோசிச்சுப் பிரம்பு வாங்கி வெச்சுடுவீங்க!"

கர்டிஸ் போட்ட சத்தத்தில் ழோர்தான் சதுக்கத்து உருளைக்கிழங்கு வறுவல் கடை வரிசையே திரும்பிப் பார்த்தது. ஓஹையோக்காரனுக்கு மெதுவாகப் பேச வராது. ஒரு அமெரிக்க ஆப் கம்பெனிக்காக பிரஸ்ஸல்ஸ் அதிகாரிகளிடம் வாதாடுவதுதான் அவன் பிழைப்பு.

"உங்க ஊர்ல மட்டும் என்ன வாழுதாம்? வீடு எரியட்டும்னு விட்டுட்டு, தீக்குச்சி உரசினது யாருன்னு பத்து வருஷம் கேஸ் நடத்துவீங்க!" என்றாள் வீர்லே. அந்த மாதிரிக் கம்பெனிகளுக்குக் கடிவாளம் போடும் ஐரோப்பியச் சட்டத்தை வரி வரியாக எழுதியவள் அவள்.

"செஞ்சு பார்த்தாத்தானே நல்லதா கெட்டதான்னு தெரியும்?"

"அதுக்குள்ள ஜனங்களோட அந்தரங்கமெல்லாம் சந்தைக்கு வந்துடும். அப்புறம் சாரி சொல்லி என்ன புண்ணியம்? முதல்ல அந்த கெச்சப்பைத் தூரப் போடு. மயோனைஸ் தொட்டுச் சாப்பிடு!"

வியாழக்கிழமை மாலை ஆனால் இருவருக்கும் இங்கே இந்தச் சண்டைதான். சண்டையைத் தாண்டி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இன்று கர்டிஸின் கோட்டுப் பையில் மோதிரம் இருந்தது. காதலிக்கிறேன் என்றுகூட அவளிடம் சொல்லவில்லை. ஆனால் ஓஹையோவில் அம்மா கல்யாணத்துக்கு விமான டிக்கெட்டே வாங்கிவிட்டாள்!

கம்பெனி ஆளைக் கட்டிக்கொண்டால் அந்தக் கம்பெனிக்கான சட்டத்தை அவள் தொடக்கூடாது. அந்தச் சட்டமோ அவளுக்கு உயிர். நானா சட்டமா என்று வந்தால், பாழாய்ப்போன சட்டம்தான் ஜெயிக்கும் என்று பயந்தான்.

ஆனது ஆகட்டும் என்று ஈரக் கல்தரையில் மண்டியிட்டான். வறுவல் சிதறியது.

"வீர்லே, என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?"

வரிசை மொத்தமும் எட்டிப் பார்த்தது.

"எழுந்திரு, பேன்ட் நனையுது."

"முதல்ல பதில் சொல்லு!"

"பண்ணிக்கிறேன், போதுமா?"

கடைக்காரர் கரண்டியால் சட்டியைத் தட்டினார். வரிசை கைதட்டியது. கர்டிஸ் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். இறக்கி விட்டதும்தான் அவன் முகம் வாடியது.

"உன் சட்டம்? எனக்காக அதை நீ விட்டுக்கொடுக்கணுமேம்மா..."

"அதை வேற ஒருத்தர் பார்த்துக்கறார். என்னைவிடக் கறார். இனி அவர்கிட்ட மாட்டிக்கிட்டு முழி!"

"வேற ஒருத்தரா? அப்ப நீ?"

"நான் மீன்வளப் பிரிவுக்கு மாறியாச்சு. கம்பெனி ஆளைக் கல்யாணம் பண்ணிக்கப்போறேன், மாத்திடுங்கன்னு போன மாசமே மேலதிகாரிகிட்டச் சொல்லிட்டேன்."

"அடிப்பாவி! போன மாசம் நான் உன்கிட்ட வாயே திறக்கலையே!"

வீர்லே மோதிரத்தை விரலில் மாட்டிக்கொண்டு சிரித்தாள்.

"நடந்தப்புறம் பார்த்துக்கலாம்னு இருக்கறது உங்க ஊர் வழக்கம்டா!"