பாயிஸ் நானா கடையில் ஈயக் கம்பி

கண்டியில் மழை வலுக்கிறது. தன் ரேடியோ உதிரிப்பாகக் கடை மேசையில் பாயிஸ் நானா தடித்த ஈயக் கம்பியின் நுனியைச் சூட்டுக்கோலால் உருக்கிக் காட்டுகிறார். கலஹாவிலிருந்து வந்த டிலானி தானே பற்றவைத்துப் பூட்ட வேண்டிய அம்ப்ளிஃபையர் கிட்டை மார்போடு அணைத்தபடி, எழும் புகையை முகர்கிறாள். அமிலம் உள்ள, தகரம் ஒட்டும் ஈயத்தால் பற்றவைத்துத்தான் அவளுடைய முதல் கிட் செம்பெல்லாம் அரித்துப் பச்சை பூத்துப் போனது. இதுவும் போனால் இன்னொன்று வாங்க வழியில்லை. "மூக்கில ஏறுதே, நானா. தகர ஈயமா?" "சேச்சே! ரேடியோவுக்குன்னே வந்த சாமான், தங்கச்சி. கண்ண மூடிட்டு எடுங்க." சொல்லும்போதே அவர் கண்கள் மழையை வேடிக்கை பார்க்கப் போய்விடுகின்றன. சுவர்த் தட்டு ராக்கையில் மூடி கழன்று, உள்ளே சர்க்யூட் பலகை தெரிய, அவருடைய சொந்த அம்ப்ளிஃபையர் பாடிக்கொண்டிருக்கிறது. டிலானி அதைக் காட்டுகிறாள். "அப்ப இதுல இந்த ஈயத்தில ஒரு பொட்டு வைங்க, பாப்போம்." ஈயமும் கோலுமாக நானாவின் கைகள் பாதி வழியில் நிற்கின்றன. கோல் புகைகிறது. "கொஞ்சம் பொறுங்க" என்று குனிந்து, கீழ் லாச்சியை இழுத்து, வேறொரு மெல்லிய ஈயச் சுருளை எடுக்கிறார்.