கண் மட்டும் பாக்கி

அவள் குப்புறப் படுத்திருக்கிறாள். கெண்டைக்காலில், அவள் உயிரையே வைத்திருக்கும் ஓட்டக்காரியின் உருவம் ஊதா அச்சாக ஒட்டியிருக்கிறது. பச்சை குத்துகிறவர் அந்த உருவத்தின் குதிகாலில் தொடங்குகிறார். "கீழேயிருந்துதான் போகணும்மா. மேலே ஆரம்பிச்சா, துடைக்கிறப்ப கைபட்டு அச்சு அழிஞ்சிடும்." ஊசி வண்டுபோல இரைகிறது. எதிர்ச் சுவரில் சத்தம் குறைத்த டிவியில் தொடங்கப்போகும் ஓட்டப் பந்தயத்தை நேரலையாகக் காட்டுகிறார்கள். தயாராகிக்கொண்டிருந்த அதே ஓட்டக்காரி சட்டென்று குனிந்து குதிகாலைத் தேய்க்கிறாள். இங்கே ஊசி உருவத்தின் முழங்காலுக்கு ஏறுகிறது. அங்கே அவள் முழங்காலைப் பிடித்துக்கொள்கிறாள். "அண்ணா, டிவியைக் கொஞ்சம் பாருங்களேன்." "ஆடாதம்மா, கோடு கோணலாயிடும்." அவர் நிமிரவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக வந்த வெயில் மைக்கிண்ணங்களில் அசையாமல் கிடக்கிறது. ஊசி தோளைத் தொட்டதும், டிவியில் அவள் யாரோ கைவைத்ததுபோலத் திரும்பிப் பார்க்கிறாள். பின்னால் யாருமில்லை. படுத்திருப்பவள் காலை இழுக்கப் பார்க்கிறாள். "போதும்ணா. நிறுத்திடுங்க." "நல்லா இருக்கே! கண்ணில்லாம விட்டா பேய் மாதிரி இருக்கும்மா. அது மட்டும்தான் பாக்கி." அவர் சிரித்தபடி காலை அழுத்திப் பிடித்து, ஊசியை மையில் தோய்க்கிறார். டிவியில் எல்லோரும் கோட்டில் வந்து நிற்கிறார்கள். அந்த ஓட்டக்காரி மட்டும் இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொள்கிறாள்.